கள்ளுக்கடை முன்னால் நின்ற ரயில்

அத்தியாயம் ஆறு

ஆலம்பாளையத்துக்கு நகர ரயில் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ரயிலுக்கு ஊர் பழகிவிட்டது. ஊருக்கு ரயில் பழகுவதுதான் பாக்கி.

இரண்டே பெட்டி. முன்னால் ஒரு டீசல் எஞ்சின். பாலக்காட்டுக்குக் கிழக்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அந்த ஊரின் கடைவீதி நடுவில், மாட்டுவண்டி குறுக்கே போக வசதியாகத் தாரோடு தாராகப் பதித்த தண்டவாளத்தில் அது ஓடியது. ஜனங்கள் பஸ்ஸுக்குக் கை காட்டுவது மாதிரி நினைத்த இடத்தில் கை காட்டினார்கள். ஒருவர் பாதி வழியில் இறங்கி, வீட்டுக்குப் போய்க் குடை எடுத்து வரும்வரை நிற்கச் சொன்னார். ராகுகாலத்தில் பெண்ணழைத்து வர முடியாது, வண்டியைப் பின்னால் எடு என்று ஒரு கல்யாணக் கோஷ்டி சண்டைக்கு நின்றது. இதையெல்லாம் நகரசபை பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்.

காலை பத்து இருபது வண்டி, நெல்லுக்கிடங்கு ஸ்டாப்பில் நிற்பதில்லை. பிரேக் போடுவார்கள், கிரீச்சிடும், ஆனால் இறக்கத்தில் வழுக்கிக்கொண்டே நூறடி தாண்டிப் போய்த்தான் நிற்கும். நிற்கிற இடம் எதுவென்றால், கள்ளுக்கடை வாசல்.

"ஏனுங்க ரத்தினசாமி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும்" என்றார் நகரசபை சேர்மன் ஆறுமுகசாமி, முட்டியைத் தடவிக்கொண்டே. "குடியா, சதியா?"

துப்பறியும் ரத்தினசாமி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். எல்லைச் செக்போஸ்ட்டில் பதினெட்டு வருஷம் ஏலக்காய்க் கடத்தலைப் பிடித்தவர். ஒருநாள் பிடித்த மூட்டை மேலதிகாரியின் மச்சினனுடையதாக இருந்துவிட்டது. மறுநாளிலிருந்து தனியார் துப்பறிவாளர்.

"டிரைவர் என்ன சொல்றாப்புல?"

"குடிக்கலைங்கறான். குடிக்கறவன் வேறென்ன சொல்லுவான்? குடியோ சதியோ, சாயந்திரம் நாலு மணிக்குள்ள ஒண்ணு வேணும். நாலு மணிக்கு அன்வேஷணம், அதானுங்க, விசாரணை. அவனை நீக்கற ஆர்டரு டைப் அடிச்சு ரெடியா இருக்குது. காரணத்துக்கு மட்டும் எடம் உட்டிருக்குது."

பின்னால் நின்ற சுவக்கீனுக்கு வாய் அரித்தது. சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் பிறந்து, ரத்தினசாமியிடம் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து ஐந்து வருஷம். அடக்க வேண்டிய இடத்தில் வாயை அடக்கிய சரித்திரம் இல்லை.

"எங்க ஊர்ல பிள்ளை பிறந்த பிறவுதான் பேரு வைப்போம், சார்."

சேர்மன் அவனை ஒரு பார்வை பார்த்தார். ரத்தினசாமி அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

*

ரயில் ஷெட்டில் டிரைவர் சுருளிவேல் வண்டி ஏறத் தயாராக நின்றுகொண்டிருந்தார். கம்பம்மெட்டுப் பக்கத்துக்காரர். தேயிலை எஸ்டேட்டில் டிராலி எஞ்சின் ஓட்டியவர், நகரசபை உத்தியோகம் என்று நம்பி, பேரேட்டில் பெயரை வெட்டிக்கொண்டு மலையிறங்கி வந்திருந்தார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். எஸ்டேட்டிலோ ஒருமுறை வெட்டிய பெயரை மறுபடி எழுதமாட்டார்கள்.

அவர் எதிரே தூக்குப்போசியோடு மனைவி குருவம்மாள்.

"ஊதுங்க" என்றாள்.

சுருளிவேல் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து அவள் மூக்கருகே ஊதினார். அவள் நிதானமாக மோந்து பார்த்தாள். பிறகுதான் சாப்பாடு கைக்கு வந்தது.

"போலீஸ்காரன்கூட இப்பிடி மோந்து பாக்க மாட்டான், அண்ணாச்சி" என்று சுவக்கீன் கிசுகிசுத்தான்.

அவள் போனதும் சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு மாசமா இதாங்கய்யா. வெள்ளிக்கிழமை தவறாம வெறும் வயித்துல வெளக்கெண்ணெய் வேற. குடல் கழுவுனா குடி விட்டுருமாம். குடிச்சாத்தானே விடுறதுக்கு?"

"நீங்க குடிக்க மாட்டீங்களா?"

"எங்கப்பன் குடிச்சே செத்தான். அன்னிக்குச் சத்தியம் பண்ணினவன் நான். அவளுக்கும் தெரியும். ஆனா ஊரே சொல்லுதே. வண்டியும் தினம் கள்ளுக்கடை வாசல்ல போய் நிக்குதே. அவளும் என்ன பண்ணுவா?"

கடைசி வாக்கியத்தை அவர் மனைவிக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொல்லிக்கொண்டாரா என்று சுவக்கீனுக்குப் புரியவில்லை. மனசுக்கு என்னவோ போல் இருந்தது. 

வண்டி எப்போதெல்லாம் தள்ளி நின்றது என்று எழுதி வைத்த நோட்டை ஷெட் கிளார்க்கிடம் வாங்கி, ரத்தினசாமி நடந்துகொண்டே புரட்டினார்.

"சுவக்கீனு, இந்தக் குடிகாரன் மழை பேஞ்ச அன்னிக்குக் குடிக்கறதில்லை."

"சரி."

"புதன்கிழமை குடிக்கறதில்லை. மத்தியானம் குடிக்கறதில்லை. சாயந்திரம் குடிக்கறதில்லை."

"அப்போ அவரு குடிகாரர் இல்ல அண்ணாச்சி. விரதக்காரர்."

"அதேதான். மழையில வண்டி வழுக்கும். இங்க மழை பேஞ்சா வண்டி ஒழுங்கா நிக்குது. புதன்கிழமை சந்தை, கள்ளுக்கடையில கூட்டம் தாங்காது. அன்னிக்கு வண்டி அந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்லை. குடிக்கறவனுக்கு இத்தனை ஒழுக்கம் ஆகாதப்பா."

*

நெல்லுக்கிடங்கு ஸ்டாப்புக்கு அவர்கள் நடந்தே போனார்கள். தண்டவாளத்தில் சக்கரத்தின் விளிம்பு போவதற்கென்று ஒரு பள்ளம் உண்டு. ஊர் நெடுக அந்தப் பள்ளத்தில் சாணி, பீடித்துண்டு, புளியங்கொட்டை, ஒரு ஒற்றைக் கொலுசு வரைக்கும் கிடந்தது. சுவக்கீன் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தான். கிடங்கு கிட்டே வந்ததும் வாசிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. ஸ்டாப்புக்கு முன்னால் இருபது முழ நீளத்துக்குப் பள்ளம் துடைத்துவிட்டது போல் இருந்தது.

"நகரசபை கூட்டுதோ?"

"நகரசபை தன் வாசலையே கூட்டறதில்லை" என்றார் ரத்தினசாமி. "தொட்டுப் பாரு."

சுவக்கீன் குனிந்து விரலை விட்டான். பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனான். மூக்குக்கு முன்னால் வயிறு கண்டுபிடித்துவிட்டது. 

"அண்ணாச்சி! எங்கம்மா மாசம் ஒருக்க மூக்கைப் பிடிச்சு ஊத்துவா. வெளக்கெண்ணெய்!"

"எங்க பக்கம் கொட்டமுத்தெண்ணெய்ங்கறது. இங்க ஊட்டுக்கு ஊடு கொட்டமுத்துச் செடிதான்." ரத்தினசாமி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி ஐந்து நிமிஷம். "வா, கிடங்குக்குள்ள நிப்போம். சதிகாரர் வர்ற நேரம்."

சதிகாரர் பத்து நிமிஷத்தில் வந்தாள். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். இடுப்பில் முறம். நட்டநடு ரோட்டில், பட்டப்பகலில், எதிரே வந்த இரண்டு பேரிடம் குசலம் விசாரித்துக்கொண்டே குந்தினாள். முறத்திலிருந்து வறுத்த கொட்டமுத்தை அள்ளிப் பள்ளத்தில் வரிசையாகப் பரப்பினாள், ஒன்று மேல் ஒன்று ஏறாமல், கோலப்பொடி விடுகிற கைப்பாங்கில். இரண்டு தண்டவாளத்திலும் பரப்பிவிட்டு எழுந்து ஓரமாக நின்றாள்.

மணியடித்துக்கொண்டு வண்டி வந்தது. சடசடவென்று சத்தம். பிரேக் கிரீச்சிட்டது. ஸ்டாப்பில் நின்றவர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பழகின தோதில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கள்ளுக்கடைப் பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். வண்டி அவர்களைக் கடந்து வழுக்கிப் போய் வழக்கமான வாசலில் நின்றது. கடைக்குள்ளிருந்து ஒரு குரல், "வந்துட்டார்டா நம்ம வாடிக்கை!" என்றது. சிரிப்பு.

எஞ்சினில் சுருளிவேலின் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் திரும்பவில்லை.

அந்தப் பெண் சின்னத் துடைப்பத்தால் பள்ளத்தைக் கூட்டி, நசுங்கியதையெல்லாம் ஒரு போசியில் வழித்துக்கொண்டிருந்தாள். ரத்தினசாமி போய் முன்னால் நின்றார்.

"என்ன பண்றீங்க, அம்மிணி?"

"பாத்தாத் தெரியலீங்களா? கொட்டமுத்து நசுக்கறனுங்க." பெயர் மருதாத்தாள் என்றாள். முகத்தில் பயம் மருந்துக்கும் இல்லை. "உரல்ல இடிச்சாத் தோள்பட்டை எறங்கிப் போவுதுங்க. ரயிலு சும்மாத்தானே போவுது? போறது போவுது, இதையும் அரைச்சுட்டுப் போனா கெட்டா போயிரும்? இனி ஊட்டுக்குப் போயித் தண்ணி ஊத்திக் காச்சுனா எண்ணெய் பிரிஞ்சு வந்துரும்."

"நீங்க மட்டும்தானா?"

"அதெப்படீங்க? தெருவே பண்ணுது. வாய்க்கால் தண்ணிக்கு முறை வெக்கறாப்பல நாள் முறை வெச்சிருக்கறமுங்க. சண்டை சச்சரவு கெடையாது. இன்னிக்குத் திங்கக்கெழமை, என்ற முறை."

"மழை பேஞ்சா?"

"வறுத்த முத்து நமுத்துப் போயிருமுங்க."

"புதன்கிழமை?"

"சந்தைக்கு ஆரு போறது?"

சுவக்கீனால் தாங்க முடியவில்லை. "ஏங்க்கா, வண்டி ஏன் தள்ளிப் போய் நிக்குதுன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சீங்களா?"

மருதாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "டிரைவரு குடிக்கறாருங்களே, தெரியாதுங்களா? பாவம், தங்கமான மனுசன். அவரு சம்சாரத்துகிட்ட நாந்தேன் சொன்னேன், வெள்ளிக்கு வெள்ளி கொட்டமுத்தெண்ணெய் குடு சாமி, குடல் சுத்தமானா உட்டுருவாருன்னு. இங்க அரைச்சதுலயே ஒரு கிண்ணம் குடுத்தனுங்க."

சுவக்கீனுக்குச் சிரிப்பு நெஞ்சுவரை வந்தது. ஆனால் ரத்தினசாமி சிரிக்கவில்லை. "இந்த யோசனை மொதல்ல ஆருக்கு வந்துது?" என்றார்.

"எங்களுக்கு ரயிலைப் பத்தி என்னங்க தெரியும்? குருவம்மாதானுங்க சொல்லிக் குடுத்துச்சு. அவிய எஸ்டேட்டுல டிராலி தண்டவாளத்துல வெச்சுத்தான் சுக்கு நசுக்குவாங்களாம். வந்த புதுசுல இங்கயும் செஞ்சு காட்டுச்சு. கெட்டிக்காரப் புள்ளை."

சிரிப்பு சுவக்கீனின் நெஞ்சிலேயே தங்கிவிட்டது.

ரத்தினசாமி முறைக்காரர்கள் பெயரையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு பெயரைக் கேட்டபோது மட்டும் வெற்றிலை மெல்வதை நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னார். சுவக்கீன் எட்டிப் பார்ப்பதற்குள் நோட்டை மூடிவிட்டார்.

"என்ன செய்யப் போறோம், அண்ணாச்சி?" திரும்பி நடக்கும்போது சுவக்கீன் கேட்டான். "உண்மையைச் சொன்னா டிரைவரு குடிகாரர் இல்லைன்னு ஆகும். ஆனா வண்டியைக் கவுக்கப் பாத்தது பெண்டாட்டின்னு ஆகும். சேர்மன் அந்த வெத்து இடத்துல அதை எழுதி ஆர்டரை நீட்டிருவாரு. ரெண்டு வழியிலயும் வேலை போகுது."

"மூணாவது வழி ஒண்ணு இருக்குது" என்றார் ரத்தினசாமி. "அது செவ்வாய்க்கிழமை வழி."

*

நாலு மணிக்கு நகரசபை மண்டபத்தில் அன்வேஷணம் ஆரம்பித்தது. மேஜைக்குப் பின்னால் சேர்மன், மேஜை மேல் டைப் அடித்த ஆர்டர், மேஜைக்கு முன்னால் காக்கிச் சட்டையில் சுருளிவேல். வாசல் பக்கம் பெண்கள் கூட்டம். மத்தியானத்துக்குள் மருதாத்தாள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

ரத்தினசாமி ஒரு சின்ன சீசாவை மேஜையில் வைத்தார். "தண்டவாளத்துல எடுத்ததுங்க. கொட்டமுத்தெண்ணெய். இதுலதான் வண்டி வழுக்குது. டிரைவர் மேல தப்பில்லை."

"அப்ப சதி!" சேர்மனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. குடியைவிடச் சதி கௌரவமானது, பேப்பரில் வரும். "ஆரு? பஸ் முதலாளியா? எதிர்க்கட்சியா? பேரைச் சொல்லுங்க!"

ரத்தினசாமி வெற்றிலையை மென்றுகொண்டே வாசல் பக்கம் பார்த்தார். 

வாசலில் சலசலப்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு குருவம்மாள் உள்ளே வந்தாள்.

"நாந்தாங்க" என்றாள். "நாந்தான் சொல்லிக் குடுத்தேன். எங்க எஸ்டேட்டு டிராலி மெதுவாப் போகும், வழுக்காது. இது வழுக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

சுருளிவேல் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"புருசன் ஓட்டற வண்டிக்குப் பெண்டாட்டி எண்ணெய் வெக்கறதா!" சேர்மன் பேனாவைத் திறந்தார். "போலீசைக் கூப்பிடு. காரணம் கெடைச்சிருச்சு. எழுதறேன்."

"எழுதறதுன்னா முழுசா எழுதீருங்க" என்று ரத்தினசாமி நோட்டைப் பிரித்தார். "போலீசுக்கு எல்லாப் பேரும் வேணுமுங்களே. திங்கள் மருதாத்தாள். வியாழன் ராசம்மாள். செவ்வாய்..."

"செவ்வாய்?"

"செவ்வாய் உங்க ஊடுங்க. போன வாரம் ரெண்டு முறம்."

பேனா காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே நின்றுவிட்டது. சேர்மன் வாசல் பக்கம் பார்த்தார். கூட்டத்தின் முன்வரிசையில் அவர் மனைவி பழனாத்தாள், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஆமாங்க, அதுக்கென்ன இப்ப?" என்றாள் அவள். "தெனமும் உங்க முட்டிக்குத் தேச்சுட்டிருக்கறனே, அது பின்ன எங்கிருந்து வந்துதுன்னு நெனைச்சீங்க? போலீசு வந்தா முட்டியையும் காட்டுங்க."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். சேர்மன் முட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.  பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தேர்தலில் நாலு தடவை ஜெயித்தவர் குரலில் பேசினார்.

"தீர விசாரிச்சதுல, டிரைவர் மேல குத்தமில்லை. கொட்டமுத்து நம்ம நாட்டு வெவசாயம், அது மேலயும் குத்தமில்லை. வண்டி தெனமும் ஒரே எடத்துலதான் நிக்குது. ஸ்டாப்பைத்தான் வேற எடத்துல வெச்சுட்டாங்க. எஞ்சினீயரு பண்ணின தப்பு. போர்டை இன்னிக்கே நூறடி தள்ளி நடச் சொல்லித் தீர்மானம்."

எஞ்சினீயர் லீவில் இருந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"குற்றவாளி கிடைச்சுட்டான், அண்ணாச்சி" என்றான் சுவக்கீன். "ஸ்டாப்பு போர்டு."

கூட்டம் கலைந்தது. மண்டபத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நோட்டை எடுத்துக்கொண்டிருந்த சுவக்கீன் காதை மூடிக்கொள்ளவா முடியும்?

"எண்ணெய் வச்சது தெரியாமச் செஞ்சது" என்றார் சுருளிவேல். "அது போகட்டும். ரெண்டு மாசமா தெனம் என் வாயை மோந்தியே குருவம்மா. ஒரு நாளாச்சும் நாறுச்சா?"

"இல்ல."

"அப்பறமும் நம்பலையே நீ."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஐந்து பத்து வண்டிக்குப் போய்விட்டார். சுவக்கீனிடம் ஒரு தமாஷ் தயாராக இருந்தது. அதை அவன் கடைசிவரை சொல்லவில்லை.

*

ஐந்து பத்து வண்டியில் எஞ்சினை ஒட்டிய முதல் பெட்டியில் ரத்தினசாமியும் சுவக்கீனும் ஏறிக்கொண்டார்கள். வேலை தப்பிய மனுஷனின் முகம் எப்படி இருக்கும் என்று சுவக்கீன் எட்டிப் பார்த்தான். சுருளிவேலின் முகம் வேலை போன முகமாகத்தான் இருந்தது.

நகரசபை அன்றைக்கு அபூர்வமாக வேகமாக வேலை செய்திருந்தது. நெல்லுக்கிடங்கு ஸ்டாப்பு போர்டைப் பிடுங்கி, இறக்கத்தில் கள்ளுக்கடை வாசலில் நட்டுவிட்டார்கள். புது போர்டுக்குக் கீழே முப்பது நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு காத்திருந்தார்கள்.

பழைய இடத்தில் போர்டைப் பிடுங்கிய குழி மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் குருவம்மாள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்து, எஞ்சினையே பார்த்துக்கொண்டு, ஒரு கையை நீட்டினாள்.

"நிப்பாட்டுவாரா, அண்ணாச்சி?" சுவக்கீன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "ஸ்டாப்பு இங்க இல்லையே."

சாயந்திரத் தண்டவாளம் துடைத்துக் காய்ந்து கிடந்தது. பிரேக் விழுந்தது. வண்டி ஒரு முழம் முன்னே போகவில்லை, ஒரு முழம் பின்னே தங்கவில்லை. குருவம்மாளுக்கு நேர் எதிரே எஞ்சின் வந்து நின்றது.

கீழே கள்ளுக்கடை வாசலில் இரைச்சல் கிளம்பியது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடிவந்தார்கள்.

"ஏ குடிகாரா! ஸ்டாப்பு இங்கடா!"

"காலையில தாண்டி நிறுத்தினான், இப்ப முன்னாலயே நிறுத்தறான். நல்ல போதை!"

குருவம்மாள் வண்டியில் ஏறவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"யாருடா குடிகாரன்?" கடைவீதி அந்தக் கோடிவரை கேட்டது அவள் குரல். "எம் புருசன் குடிக்க மாட்டாருடா! கேட்டுக்கங்க! நல்லாக் கேட்டுக்கங்க!"

ஓடி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வண்டி புறப்பட மணியடிக்க வேண்டும். சுருளிவேலின் கை மணிக்கயிற்றில் இருந்தது. அவர் அதை இழுக்காமல், ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஐந்து பத்து வண்டி ஆறு நிமிஷம் லேட்.